உப்புக் காற்றும் பழைய காரின் அலுமினியமும்

பழைய கார்களின் அலுமினியப் பாகங்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த வாட்டர் பேப்பர், எந்தப் பாலிஷ் கட்டி, எத்தனை சுற்று வேகம் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அங்கிருந்து தொடங்கினால் செய்த வேலை ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவமழை இரண்டும் வந்து சேரும் மாவட்டம் இது. நீரோடி முதல் கன்னியாகுமரியையும் தாண்டிக் கடல் நம்மோடு கூடவே வருகிறது. ஆனி, ஆடியில் அலையிலிருந்து எழும் நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்று தென்னந்தோப்புகளைக் கடந்து உள்ளூர்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே இங்கே அலுமினிய வேலையில் பெரும்பங்கு உப்பை வெளியேற்றுவதுதான். எஞ்சியதில் பாதி, எந்தப் பாகத்தைப் பளபளப்பாக்கக் கூடாது என்று முடிவு செய்வது. சக்கரத்தில் பிடித்து மெருகேற்றும் வேலை அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் சிறு பகுதி.

நான் கைவைத்திருப்பது ஒரு பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் ஃபியட் 1100 டி காரை உரிமம் பெற்றுத் தயாரித்து, 1974 முதல் பத்மினி என்ற பெயரில் விற்ற அதே வண்டி. 1089 சி.சி. இன்ஜினில் உடலான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். என் சித்தப்பா வாங்கி ஓட்டிய இந்த வண்டி, ராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு தோப்புக் கொட்டகையில் நெடுங்காலம் நின்றது. இதற்கு அப்பால் தக்கலையில் நண்பர் ஒருவரின் மோரிஸ் மைனரும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஓடிய ஒரு லேண்ட் ரோவரும் அவ்வப்போது என் மேசைக்குப் பாகங்களை அனுப்பிவைக்கின்றன. இந்த மூன்று வண்டிகளிலும் அலுமினியம் மூன்று வேறு விதங்களில் கெட்டிருக்கிறது என்பதால், எழுதிவைப்பது பிறருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்வது பாதி உண்மை. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகி, கீழே உள்ள உலோகத்தைக் காக்கிறது. அந்தப் படலத்தை உடைப்பதில் உப்பிலுள்ள குளோரைடுக்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம். வார்ப்பில் கலந்திருக்கும் செம்பு, இரும்புத் துகள்களின் ஓரங்களில் படலம் பலவீனமாக இருக்கும். குளோரைடு அங்கே நுழைந்து ஊசிமுனை அளவு குழி தோண்டும். குழிக்குள் இருக்கும் திரவம் தானாகவே அமிலத்தன்மை அடைவதால், ஒருமுறை தொடங்கிய குழி வெளி உதவியின்றி ஆழமாகிக்கொண்டே போகும். மேலே நாம் காண்கிற வெள்ளைப் பொடி அலுமினிய ஹைட்ராக்சைடு. அது குழியை மூடி, உள்ளிருக்கும் உப்பை வெளியே வரவிடாமல் காவல் காக்கிறது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காடு அளவிலேயே நீர்த்துவிடும். நம் ஊரில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் பாகத்தில் ஒட்டிய உப்பு இங்கே ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருந்து வேலை செய்கிறது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கார் மெக்கானிக் அல்லர். குளச்சலில் வள்ளங்களின் அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர். கடல்நீரில் முங்கி எழும் அலுமினியத்தோடே வாழ்நாளைக் கழித்தவர். வெள்ளை பூத்த தெர்மோஸ்டாட் மூடியை நான் நேரே உப்புத்தாளில் தேய்க்கப் போகிறேன் என்றபோது, "மக்களே, மொதல்ல உப்பக் களுவி எடு, மினுக்கம் பொறவு வரும்" என்றார். அவர் முறையைத்தான் சிறிது விரிவாக்கி இன்றும் பின்பற்றுகிறேன். வெள்ளைப் பொடியை நைலான் தூரிகையால் தேய்த்துத் திறந்துவிட வேண்டும். பித்தளைத் தூரிகையும் இரும்புக் கம்பித் தூரிகையும் கூடாது; அவை விட்டுச்செல்லும் துகள்களே அடுத்த குழிகளுக்கு விதையாகிவிடும். பிறகு காரமில்லாத சோப்பு கலந்த வெந்நீரில் பாகத்தை ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கடைசி அலசலுக்குக் கிணற்று நீரை நம்புவதற்கில்லை, கடலோரக் கிணறுகளிலேயே உப்பு இருக்கிறது. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர், அதாவது உப்பு நீக்கிய நீர், போதும்.

உப்பு போய்விட்டதா என்று கண்ணால் தெரியாது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நாம் எல்லோரும் செய்த சோதனை இங்கே கைகொடுக்கிறது. பாகத்தைப் பேட்டரித் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரில் சிறிது எடுத்து, ஓரிரு சொட்டு நைட்ரிக் அமிலமும் அதன்பின் சில்வர் நைட்ரேட் கரைசலும் விட்டால், குளோரைடு இருந்தால் நீர் பால்போல் கலங்கும். எதையும் ஊறவைக்காத பேட்டரித் தண்ணீரை இன்னொரு குழாயில் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கலங்கல் நிற்கும்வரை கழுவுவதுதான் அளவு. சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்புக் கறை நாள்கணக்கில் போகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் பலரும் அவசரப்பட்டு ஏதாவது ஒரு திரவத்தை நாடுகிறார்கள். வீட்டில் குத்துவிளக்கைத் துலக்கும் புளியும் உப்பும் பித்தளைக்குச் சரி. அலுமினியத்தின் மேல் அமிலத்தையும் குளோரைடையும் சேர்த்துப் பூசுவது நோயையே மருந்தாகக் கொடுப்பதாகும். அமிலம், காரம் இரண்டிலுமே கரையும் உலோகம் அலுமினியம். காஸ்டிக் சோடா வார்ப்புகளின் மேல் பட்டால் அலுமினியம் கரைந்து, அதில் கலந்திருக்கும் சிலிக்கான் கரையாமல் கரும்புழுதியாக நின்றுவிடும். சுத்தம் செய்யப்போய்ப் பாகம் கரிச்சட்டியின் நிறத்தில் வெளியே வருவதற்கு இதுதான் காரணம். அலாய் வீல்களை நொடியில் வெளுக்கவைக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. அது தோலில் பட்ட உடனே வலி தெரியாமல் உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகக் கூடியது. அப்படிப்பட்ட புட்டியை என் பட்டறைக்குள் நான் விடுவதில்லை.

கழுவிய பிறகு, கையில் இருப்பது அலுமினியம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய கார்களில் அலுமினியம்போல் தோன்றும் பல பாகங்கள் துத்தநாகக் கலவை வார்ப்புகள். சாலெக்ஸ் கார்புரேட்டரின் உடல் பெரும்பாலும் அப்படிப்பட்டது; குரோம் பூசிய கதவுக் கைப்பிடிகளும் அப்படியே. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், துத்தநாகக் கலவைக்கு 6.5 கிராமுக்கு மேல். கையில் தூக்கினாலே வேறுபாடு புரியும். பக்கவாட்டு அலங்காரப் பட்டைகள் அலுமினியமா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதில் காந்தத்தை முழுவதும் நம்ப முடியாது. எல்லா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. பட்டையின் பின்புறத்தில் ஒரு சொட்டு காஸ்டிக் கரைசல் விட்டால், அலுமினியம் பொங்கிக் குமிழிடும், ஸ்டெயின்லெஸ் சும்மா இருக்கும். பார்த்த உடனே நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற சில வண்டிகளின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை. அதன் தூள் தீப்பிடிக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அதை அரவைச் சக்கரத்துக்கே கொண்டுபோகக் கூடாது.

பத்மினியின் சிலிண்டர் ஹெட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் உப்பு வெளியிலிருந்து வந்ததைவிட உள்ளிருந்து வந்தது அதிகம். நம் ஊரில் ரேடியேட்டருக்குக் கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றுவதுதான் வழக்கமாக இருந்தது. கூலண்ட் என்பது பணக்காரர்கள் சமாச்சாரம் என்ற எண்ணம் அன்றைய டிரைவர்களிடம் இருந்தது. அந்தக் காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். வெறும் நீர் செம்பை மிகச் சிறிதளவு கரைத்து எடுத்துப் போய் அலுமினியத்தின் மேல் படியவைக்கும். படிந்த ஒவ்வொரு செம்புத் துகளும் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கும் ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதோடு நீரிலுள்ள குளோரைடும் சேர்ந்தால், நீர்வழித் துளைகளின் விளிம்புகள் எலி கறம்பியதுபோல் தின்னப்பட்டு, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் உட்காரும் இடமே குறைந்துபோகும். வெளிப்புறத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, இந்த விளிம்பைக் கவனிக்காமல் விட்ட ஹெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அவை போட்டோவுக்கு மட்டும் உதவும்.

ஹெட்டைக் கழற்றுவதே முதல் பரீட்சை. ஹெட்டைப் பிடித்திருக்கும் எஃகு ஸ்டட்டுக்கும் (தலையில்லாத போல்ட்டு) அலுமினியத் துளைக்கும் நடுவில் ஆக்சைடு நிரம்பி இறுகியிருக்கும். அலுமினியம் அரிக்கப்படும்போது உருவாகும் பொருள் தான் தோன்றிய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், ஆண்டு செல்லச் செல்லப் பிடி இறுகும். ஸ்க்ரூ டிரைவரைக் கேஸ்கெட் இடுக்கில் நுழைத்து நெம்பினால் முகத்தில் நிரந்தர வடு விழும். சூடாக்கினால் எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிக் கொடுத்து, மரச் சுத்தியால் தட்டிப் பொறுமையாக எழுப்புவதுதான் வழி. திரும்ப மாட்டும்போது ஸ்டட்டுகளுக்கு ஆன்டி-சீஸ் பசை பூசினால் அடுத்து கழற்றுகிறவர் நம்மைத் திட்டமாட்டார். பசை பூசிய மரையில் உராய்வு குறைவதால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) ஸ்டட் கூடுதலாக இழுபடும். ஆகவே கையேட்டிலுள்ள அளவு காய்ந்த மரைக்கானதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரித்த விளிம்புகளை மீட்க ஆர்கான் வெல்டிங்தான் வழி. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில், அதன் மேலுள்ள ஆக்சைடு உருகுவதோ 2000 டிகிரிக்கும் மேல். படலம் அப்படியே நிற்க உள்ளே உலோகம் குழம்பாகிவிடும். மாறுதிசை மின்னோட்டத்தில் வெல்டு செய்யும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதி அந்த ஆக்சைடைச் சிதறடித்துச் சுத்தம் செய்வதால்தான் அலுமினியத்துக்கு ஏ.சி. வெல்டிங் மெஷின் தேவைப்படுகிறது. குழிக்குள் எண்ணெயோ உப்போ மிச்சமிருந்தால் வெல்டு கறுத்து, ஓட்டை ஓட்டையாக வரும். முன்னால் கழுவிய கழுவலின் பலன் இந்த இடத்தில் தெரியும். ஹெட்டை முன்கூட்டியே சீராகச் சூடேற்றி, வெல்டு செய்து, மெல்ல ஆறவிட்டு, பிறகு லேத்துப் பட்டறையில் முகத்தை மட்டம் பிடிக்க வேண்டும். மட்டம் பிடித்த கேஸ்கெட் முகத்தைத் துணிச் சக்கரத்தில் மெருகேற்றவே கூடாது. சக்கரம் மென்மையான இடத்தைக் கூடுதலாகவும் கடினமான இடத்தைக் குறைவாகவும் தின்று, பார்வைக்குத் தெரியாத மேடுபள்ளத்தை உண்டாக்கிவிடும்.

வார்ப்புகளின் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்ய காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சியடிக்கும் மணல் பிளாஸ்டிங் என்று யாராவது சொல்லும்போது, கடற்கரையில்தான் மணல் கொட்டிக் கிடக்கிறதே என்ற யோசனையும் கூடவே வரும். அது வேண்டவே வேண்டாம். கடல் மணல் முழுக்க உப்பு. அதிலுள்ள சிலிக்கா உடைந்து பறக்கும் தூள் நுரையீரலில் சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அதைத் தூளாக்கிச் சுவாசிப்பது அறிவுடைமை ஆகாது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்ததிலிருந்துதான் இந்தக் கடற்கரையின் தாது மணல் வரலாறு தொடங்குகிறது. இன்று அங்கே பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட்டோடு கார்னெட்டையும் பிரித்தெடுக்கிறது. கரையில் அலை ஒதுக்கும் சிவப்பு மணலுக்கு அந்த நிறத்தைத் தருவது கார்னெட். உலகெங்கும் உப்புத்தாளுக்கும் பிளாஸ்டிங்குக்கும் நீர்ப்பீச்சு வெட்டுக்கும் பயன்படும் உராய்பொருள் அது. சுத்தமாகப் பிரித்துக் கழுவிய கார்னெட்கூட எஃகுக்குத்தான் ஏற்றது, மென்மையான அலுமினிய வார்ப்பின் மேல் அது சொரசொரப்பை ஏற்றிவிடும். வார்ப்புக்கு நுண்ணிய கண்ணாடி மணிகளைக் குறைந்த அழுத்தத்தில், முடிந்தால் நீரோடு கலந்து அடிப்பதே பொருத்தம். கரிப்படிவத்தை மட்டும் நீக்க வேண்டுமென்றால் வால்நட் ஓட்டுத் தூளை வெளிநாட்டில் பயன்படுத்துகிறார்கள். நமக்குச் சிரட்டைத் தூள் அந்த வேலையைச் செய்யும். எதை அடித்தாலும் எண்ணெய்த் துளைகளையும் மரைகளையும் முன்னதாகவே அடைத்துவிட வேண்டும். ஒளிந்திருக்கும் ஒரு கண்ணாடி மணி போதும், பேரிங்கைக் கெடுக்க.

இனி எதை மெருகேற்றலாம் என்ற கேள்வி. நம் ஊர் பாலிஷ் கடைகளுக்கு அலுமினியம் என்றால் புல்லட்டின் இன்ஜின் மூடிதான் இலக்கணம்; எதைக் கொடுத்தாலும் முகம் தெரியும்படி செய்து தருவார்கள். புல்லட்டுக்கு அது சரி, கம்பெனியே அப்படித்தான் கொடுத்தது. காரின் டைனமோ முனைமூடியும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலும் அச்சில் வார்த்தெடுத்த மங்கலான சாம்பல் நிறத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. அவற்றில் பொறித்த எழுத்தும் எண்ணும் அந்தப் பாகத்தின் அடையாளம். சக்கரம் முதலில் தின்பது இப்படிப்பட்ட எழுத்துகளையும் கூரிய விளிம்புகளையும்தான். மணல் அச்சில் வார்த்த பாகத்தின் தோலுக்குக் கீழே நுண்ணிய வாயுக் குமிழிகள் இருக்கும். ஆழமாகத் தேய்க்கத் தேய்க்கப் புதுப்புதுக் குழிகள் திறந்துகொண்டே வரும். இன்னொன்று, சிலிக்கான் மிகுந்த எல்.எம். 6 போன்ற வார்ப்புக் கலவை எவ்வளவு தேய்த்தாலும் சற்றுச் சாம்பல் சாயலோடுதான் மின்னும். தகட்டு அலுமினியத்தின் வெண்மை அதற்கு வராது. ஆகையால் கம்பெனி பளபளப்பாகக் கொடுத்ததை மட்டுமே பளபளப்பாக்குவது என்பது என் விதி. கண்காட்சிக்கு வண்டி கொண்டுபோகிற நண்பர்கள் இதில் என்னோடு உடன்படுவதில்லை.

மெருகேற்றும் முறை எளிது, சலிப்பூட்டுவது. குழியின் ஆழத்தைப் பொறுத்து சொரசொரப்பான 180 அல்லது 240 எண் தாளில் தொடங்கி 320, 400, 600, 800, 1000 என்று மேலும் மேலும் நுண்ணிய வாட்டர் பேப்பரில் ஏற வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை முந்தைய திசைக்குக் குறுக்காக மாற்றினால், முந்தைய கோடுகள் முழுவதும் மறைந்தனவா என்பது தெளிவாகத் தெரியும். அலுமினியம் தாளின் துகள்களுக்கிடையே அப்பிக்கொள்ளும் குணமுடையது. சிறிது மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டால் அப்பாது. அரத்துக்குச் சுண்ணக்கட்டி தடவுவதும் அதற்காகவே. சக்கரத்துக்குப் போகும்போது முதலில் தையல் நெருக்கமான துணிச் சக்கரத்தில் பழுப்பு நிறத் திரிபோலிக் கட்டி, பிறகு தையலில்லாத மென்துணியில் வெள்ளைக் கட்டி. சிவப்பு ரூஜ் கட்டி இரும்பு ஆக்சைடு. அது பொன்னுக்கும் வெள்ளிக்கும் உரியது. நாகர்கோவில் கோயில் நகைகள் உருவாகும் வடசேரியில் அதைக் கேட்டால் கிடைக்கும் என்பதற்காக அலுமினியத்துக்கு வாங்க வேண்டியதில்லை. பச்சைக் கட்டி குரோமியம் ஆக்சைடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஏற்றது. ஒரு கட்டிக்கு வைத்த சக்கரத்தில் இன்னொரு கட்டியைத் தொடவே கூடாது.

நிமிடத்துக்கு 2880 சுற்றும் மோட்டாரில் 8 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் ஓடும். 6 அங்குலமென்றால் சுமார் 23 மீட்டர். தொடங்குகிறவர்கள் சிறிய சக்கரத்தில் தொடங்கலாம். பாகத்தைச் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, விளிம்பு சக்கரத்தை எதிர்நோக்காதபடி பிடிக்க வேண்டும். எதிர்நோக்கினால் சக்கரம் பறித்து வீசிவிடும். அழுத்தினால் பளபளப்பு கூடாது, சூடுதான் கூடும். சூடேறிய அலுமினியத்தில் கட்டியின் மெழுகு எரிந்து கறுப்புக் கோடுகளாக ஒட்டிக்கொள்ளும். இரும்பு அரைத்த சக்கரத்தருகே அலுமினியத் தூளைச் சேரவிடக் கூடாது. அலுமினியத் தூளும் துருவும் கலந்தால் தண்டவாளத்தை ஒட்டவைக்கும் தெர்மிட் கலவையே ஆகிவிடும்; ஒரு பொறி போதும். அந்தத் தீயில் நீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும் என்பதால், உலர்ந்த மணல் வாளி ஒன்று எப்போதும் என் காலருகே இருக்கிறது.

அலங்காரப் பட்டைகளில் இன்னொரு சிக்கல், அனோடைசிங். கந்தக அமிலக் குளியலில் மின்சாரம் செலுத்தி, இயற்கைப் படலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமனில் ஆக்சைடை வளர்ப்பது அந்த முறை. ஆக்சைடு மிகக் கடினமானது. மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் மங்கல் நீங்காது. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தால், மின்சாரம் கடக்கவில்லையென்றால் அனோடைசிங் இருக்கிறது என்று பொருள். நீர்த்த காஸ்டிக் கரைசலில் சிறிது நேரம் மூழ்கவைத்து அதை அகற்றலாம். வார்ப்புக்கு வேண்டாம் என்று சொன்ன காஸ்டிக்கே சிலிக்கான் குறைந்த இந்தத் தகட்டுக்குப் பயன்படுகிறது. நீரில்தான் காஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும், காஸ்டிக்கின் மேல் நீரை ஊற்றக் கூடாது. திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். பட்டையில் நசுங்கல் இருந்தால், காலப்போக்கில் இறுகிப்போன உலோகம் தட்டும்போது விரிசல் விடும். முதலில் இளக்கிக்கொள்ள வேண்டும்: பின்புறத்தில் பார் சோப்பைத் தேய்த்து, மென்சுடரில் காட்டினால், சோப்பு கரும்பழுப்பாகும் நேரத்தில் அலுமினியம் இளகியிருக்கும். அலுமினியம் செந்நிறம் காட்டாமலே உருகிவிடும் உலோகம் என்பதால் இந்தச் சோப்பு அடையாளம் இல்லாமல் சூடேற்றுவது சூதாட்டம். தட்டி நிமிர்த்திய பட்டையை, அதன் வளைவுக்குச் செதுக்கிய மரக்கட்டையில் கட்டிய பிறகே சக்கரத்தில் காட்ட வேண்டும்.

தக்கலை மோரிஸ் மைனரிலிருந்து வந்த எஸ்.யு. கார்புரேட்டரின் மணிவடிவ மூடி பற்றி ஒரு சொல். வெளிப்புறத்தை விரும்பியபடி மெருகேற்றலாம். உட்புறத்தை மட்டும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்யக் கூடாது. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்தக் கார்புரேட்டரின் செயல்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு மூடியின் பிஸ்டனை இன்னொரு மூடிக்கு மாற்றுவதும் அதே காரணத்தால் தவறு.

லேண்ட் ரோவரின் உடல் முழுவதும் அலுமினியம் என்பதால் துரு பயமில்லை என்று தோட்டத்துக்காரர்கள் நம்பியிருந்தார்கள். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால், 1948-இல் அறிமுகமான அந்த வண்டிக்குப் பிர்மாபிரைட் என்ற அலுமினிய-மெக்னீசியக் கலவைத் தகடுகள் பயன்பட்டன. தகடு நல்லதுதான், ஆனால் அது மாட்டியிருக்கும் கதவுச் சட்டம் எஃகு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியமே அரிபடும். பெயின்ட் குமிழியிட்டு, உள்ளே வெள்ளைப் பொடி நிரம்பும். அங்கே மேலோட்டமாகத் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, தகட்டைப் பிரித்து, இரு உலோகங்களுக்கும் தனித்தனியே பிரைமர் பூசி, நடுவே காப்புப் பட்டை வைத்து, அலுமினிய ரிவெட்டே திரும்ப அடிக்க வேண்டும். தோட்டத்து வண்டிகளில் பொதுவாக இந்த இடத்தில் இரும்பு போல்ட்டு போட்டிருப்பார்கள்; அதைச் சுற்றி அரிப்பு வட்டமாகப் பரவியிருப்பதைப் பார்க்கலாம்.

முடித்த பாகத்தைக் காப்பதற்குப் பலரும் பரிந்துரைப்பது நிறமில்லாத லேக்கர் பூச்சு. கடலோரத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லேக்கரின் விளிம்பிலோ ஒரு கீறலிலோ சிறிது உப்பு புகுந்தால், படலத்துக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் அரிப்பு நெளிந்து நெளிந்து பரவும். ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் ஊர்கள் அதற்குத் தோதானவை. அதைச் சரிசெய்ய லேக்கர் முழுவதையும் நீக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிப்புறப் பட்டைகளுக்குக் கார்னாபா மெழுகு போதும். அது தேய்ந்து போகும் என்பது குறையாகத் தோன்றலாம். ஆனால் தேய்ந்ததை ஒரு துணியால் திரும்பப் பூசிவிடலாம். இன்ஜின் அருகே அந்த மெழுகு பயனில்லை, 80 டிகிரியைச் சற்றுத் தாண்டினால் உருகி வழிந்துவிடும். வார்ப்புகளைப் பிளாஸ்டிங் முடிந்தபடியே விட்டு, நீர் விரட்டும் எண்ணெயை மெல்லிய துணியால் ஒற்றியெடுப்பேன். பட்டைகளைத் திரும்ப அனோடைஸ் செய்வது நீடித்த வழி, செலவும் அதற்கேற்ப.

பத்மினியின் ரேடியேட்டரில் இப்போது அலுமினிய ஹெட்டுக்கு ஏற்ற கூலண்டும் பேட்டரித் தண்ணீரும்தான். முட்டம், சொத்தவிளை பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல நீரால் கழுவிவிடுகிறேன். கொட்டகையில் பிளாஸ்டிக் உறை போடுவதில்லை, அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பருத்தித் துணி உறையே போடுகிறேன், அதையும் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை விரித்துக் காயவைக்க வேண்டியிருக்கிறது. மெழுகுப் பூச்சு ஆண்டுக்கு இருமுறை: தென்மேற்குக் காற்று தொடங்குமுன் வைகாசியில் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒன்று.